இரைக்கு இரை

முப்பத்தொரு மீன்கள். சுண்டுவிரல் நீளம்.
காற்றடைத்த பையில், கடைக்காரர் போட்ட முடிச்சோடு
பேருந்தில் என் மடியில் இருந்து வந்தன.
எதிர் இருக்கைப் பிள்ளை கேட்டது,
இன்றைக்கு உங்கள் பிறந்தநாளா?

வீட்டுக்குப் போனதும் கொட்டிவிடாதே, சொல்லியிருந்தார்.
பையோடு மிதக்க விடு, அரைமணி நேரம்.
பைக்குள் இருக்கும் குளிரும் வாளியின் குளிரும்
ஒன்றையொன்று பழகட்டும்.
முதல்நாள் இரவே பிடித்துத் திறந்துவைத்த தண்ணீர்.
குழாயின் மருந்து வாடை போன பிறகுதான் அது தண்ணீர்.
காய்ந்த கையால் தொடாதே.
செத்ததை உடனே எடு, அது மற்றவற்றையும் கூப்பிடும்.
கல்லாப்பெட்டியைச் சாத்திக்கொண்டே கடைசியாக:
சாப்பாடு மட்டும் போடாதே.
பட்டினி கிடந்தால் தண்ணீர் கலங்காது.
சனிக்கிழமைதானே போகிறீர்கள்?

சனிக்கிழமைதான்.
நிருத்தன் போத்தல் தொழிற்சாலையில் இரவு வேலை முடித்து
அப்படியே தியெபோவின் காரில் ஏறுவதாக ஏற்பாடு.
புரோஷே பிடிக்க அன்றுதான் அனுமதி தொடங்குகிறது.
வாத்து மூக்கு, நாய்ப் பல்,
செத்த இரையைத் திரும்பியும் பாராத மீன்.

வெள்ளி மாலை சோன் ஆறு படிகளை விழுங்கியது.
ஷாலோன் கரையில் வாங்குகளின் முதுகு மட்டும்
வரிசையாகத் தெரிந்தது.
அடுத்த கிழமை என்று தியெபோ செய்தி போட்டான்.
அடுத்த கிழமை வந்தது.
அதற்கும் அதே செய்தி.

நாலாம் மாடிக் குளியலறையில்
பம்ப் இரவும் பகலும் கஞ்சி காய்ச்சியது.
பல் தேய்க்கும்போது பார்ப்பேன்.
பச்சை முதுகு, விலாவில் யாரோ பேனை உதறிய கறை.
வெயில் ஏறிய நாளில்
உறைந்த தண்ணீர்ப் போத்தலொன்றை மிதக்கவிட்டேன்.
முதலில் சிதறி ஓடின,
பிறகு அதன் நிழலுக்குள் வந்து
ஒரே பக்கம் பார்த்து நின்றன.
ஐந்து செத்தன. உடனே எடுத்தேன்.
சிலதற்கு வயிறு சிவந்தது.
நோய் என்று பதறிக் கடைக்குத் தொலைபேசினேன்.
அவர் சிரித்தார்:
ஏப்ரல் முடிந்தால் அப்படித்தான், மதாம்,
ஆண்மீன்கள் மாப்பிள்ளைக் கோலம்.

பன்னிரண்டாம் நாள்
என் நிழல் விழுந்த இடத்துக்கு
இருபத்தாறும் ஏறி வந்தன, வாயைத் திறந்துகொண்டு.

எங்கள் மொழியில்
மீன் தின்பதும் இரை,
தின்னப்படும் மீனும் இரை.
ஒரு சொல், இரண்டு பக்கமும் வாய்.

அவித்த முட்டையின் மஞ்சள்,
ஊசிமுனை ஊசிமுனையாக உதிர்த்துப் போட்டேன்.
நிருத்தனிடம் சொல்லவில்லை.
தண்ணீர் கலங்கியது.
இரவு இரண்டு மணிக்குப்
பாதி இறைத்து, பாதி ஊற்றி,
ஈரக் கையோடு அங்கேயே குந்தி இருந்தேன்.
மறுநாளும் போட்டேன்.

ஆறு இறங்கியது. மூன்றாம் சனி.
வாளியைத் தூக்கிப் பார்த்து அவன் சொன்னான்:
பார், என்ன துடிப்பு!
முள்ளில் கொழுவினாலும் ஒரு மணி நேரம் ஓடும்.
பாராட்டாகத்தான் சொன்னான்.
பற்றரிப் பம்பை நானே மாட்டிக் கொடுத்தேன்,
மூடி இறுகியிருக்கிறதா என்றும் பார்த்தேன்.

அன்றைக்கு முழுக்கக் குளியலறையில் சத்தமில்லை.
இரண்டு தடவை
குழாய் நின்றுவிட்டதோ என்று எழுந்து போனேன்.

இருட்டும் நேரம் வந்தான், முழங்கால் வரை சேறு.
ஒன்றும் படேல்லை, என்றான்.
இரண்டு தரம் கடிச்சது, இரண்டு தரமும் விட்டிட்டுது.
வாளிக்குள் எட்டிப் பார்த்தேன்.
ஒன்பது.
மூச்சு வாங்கிக்கொண்டு, மேலே, விளிம்போடு.

கொட்டப்போனவனின் கையைப் பிடித்தேன்.
பையில் விட்டு மிதக்கவிடு, அரைமணி நேரம்.
அடுப்பில் தண்ணீர் வைத்து
முட்டை ஒன்றை எடுத்தேன்.
எனக்கா, என்றான்.
ஒரு கணம் நின்று
இன்னொன்றும் எடுத்தேன்.